நூத்தி இருபத்தேழு பல்

பழைய லேத் வாங்க நினைக்கிறவங்க முதல்ல ஒண்ணு தெரிஞ்சுக்கணும். அதை யாரும் லேத் என்று விற்பதில்லை, இரும்பு என்றுதான் விற்கிறார்கள். வார்ப்பிரும்பு அன்றைக்கு என்ன ரேட்டோ, அதைக் கிலோவால் பெருக்கினால் விலை. என்னுடைய ஆறடி லேத்தும் அப்படித்தான் வந்தது. கோவையில் மூடிப்போன ஒரு நூற்பாலையின் (பேர் வேண்டாம்) ரிப்பேர் பட்டறையில் நாலு லேத் இருந்தன. நான் போவதற்குள் மூணை சம்மட்டியால் உடைத்து ஃபவுண்டரிக்கு அனுப்பக் குவித்து வைத்திருந்தார்கள். வார்ப்பிரும்பு கனமே தவிர, அடி தாங்காது. மிச்சம் இருந்த ஒண்ணுதான் இப்போ என் வீட்டு கார் ஷெட்டில் நிற்கிறது. கார் ரோட்டில் நிற்கிறது. வீட்டம்மாவின் அபிப்பிராயத்தை இங்கே எழுதுவதற்கில்லை :-)

நேம் பிளேட் இல்லை. யாரோ எப்பவோ கழட்டியிருக்கிறார்கள். ஆனாலும் எந்தக் காலத்து டிசைன் என்று சொல்லிவிடலாம். ஹெட்ஸ்டாக்கில் மூணு படி கோன் புல்லி, அதில் தட்டை பெல்ட். மெஷினுக்கு ஒரு மோட்டார் என்பதெல்லாம் வருவதற்கு முந்தைய ஏற்பாடு இது. அப்போதெல்லாம் பட்டறைக் கூரைக்கு அடியில் நீளமாக ஒரு ஷாஃப்ட் ஓடும். ஸ்டீம் இன்ஜினோ, ஆயில் இன்ஜினோ, பெரிய மோட்டாரோ அதைச் சுத்தும். அதிலிருந்து ஒவ்வொரு மெஷினுக்கும் தோல் பெல்ட் இறங்கும். கோவையில் 1888-லேயே ஸ்பின்னிங் அண்டு வீவிங் மில் வந்தாச்சு. 1930களின் தொடக்கத்தில் பைக்காரா மின்சாரம் வந்ததும் மில்கள் மளமளவென்று பெருகின. மில் என்றால் தினம் ஒரு ஷாஃப்ட் தேயும், ஒரு போல்ட் முறியும். அதனால் மில்லுக்குள்ளேயே ஒரு பட்டறை, பட்டறைக்குள்ளே லேத்.

வாங்கப் போகும்போது பெயின்ட்டைப் பார்க்காதீங்க, துருவையும் பார்க்காதீங்க. மேல் துரு மண்ணெண்ணெய்க்கும் எமரிக்கும் போய்விடும். பெட்டைப் பாருங்க. வேலை எல்லாம் சக்குக்குப் பக்கத்தில்தான் நடக்கும் என்பதால் பெட் அங்கேதான் தேயும். சாடிலை சக்குப் பக்கம் வைத்து, ஆட்டம் இல்லாதபடி ஜிப்பை முறுக்கிவிட்டு, டெயில்ஸ்டாக் பக்கம் தள்ளிப் பாருங்க. பாதியில் இறுகி நின்றால் சக்குப் பக்கம் அவ்வளவு தேய்ந்திருக்கிறது என்று அர்த்தம். அப்புறம் பேக் கியரில் பல் விழுந்திருக்கிறதா, சேஞ்ச் கியர் எல்லாம் இருக்கிறதா என்று பார்க்கணும். எனக்குக் கிடைத்த லேத்தில் பெட் சுமாராகத் தேய்ந்திருந்தது, பேக் கியர் முழுசாக இருந்தது, சேஞ்ச் கியரில் பாதி காணோம்.

வீட்டுக்கு வந்து அழுக்கு எடுக்க ஆரம்பித்தேன். கியரை மூடும் கவர் கம்பெனி கவர் இல்லை, மில்லிலேயே தகரத்தில் செய்தது. (சுழல்கிற பாகங்களை மூடித்தான் வைக்கணும் என்று 1948 தொழிற்சாலைச் சட்டம் சொன்னது. பழைய மெஷின் பலதுக்கு இப்படிப் பின்னாளில் தகரச் சட்டை போட்டார்கள்.) அந்தக் கவரின் உள்பக்கத்தை மண்ணெண்ணெய் விட்டுத் துடைத்தபோது, கிரீசுக்கு அடியில் ஸ்க்ரைபரால் கீறிய எழுத்து தெரிந்தது. மேலே ‘மி.மீ’ என்று தமிழில். அதற்குக் கீழே 1 – 20, 1½ – 30, 2 – 40, 2½ – 50, 3 – 60. ஒவ்வொரு வரி முடிவிலும் ஒரே எண்: 127.

இது என்ன கணக்கு என்று சொல்கிறேன், கொஞ்சம் பொறுமையாகப் படிங்க. லேத்தில் மரை வெட்டும்போது, வேலை ஒரு சுற்று சுற்றினால் டூல் எவ்வளவு நகர வேண்டும் என்பதை லீட் ஸ்க்ரூ முடிவு செய்கிறது. என் லேத்தின் லீட் ஸ்க்ரூவில் இன்ச்சுக்கு நாலு மரை. இன்ச்சு மரை வெட்ட சாதாரண கியர்கள் போதும். ஆனால் நம்ம நாட்டில் 1956-ல் மெட்ரிக் அளவைச் சட்டம் வந்தது, 1957-ல் நயா பைசா வந்தது, அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாக போல்ட்டும் நட்டும் மில்லிமீட்டருக்கு மாறின. லேத்தை மாற்ற முடியுமா? ஒரு இன்ச்சு 25.4 மி.மீ. அதை ஐந்தால் பெருக்கினால் 127. ஆக 127 பல் உள்ள ஒரே ஒரு சக்கரத்தை லீட் ஸ்க்ரூவில் மாட்டி, ஸ்பிண்டில் பக்கம் 40 பல் போட்டு, நடுவில் ஒரு ஐட்லர் கொடுத்தால், இன்ச்சு லேத் மிகச்சரியாக 2 மி.மீ பிட்ச் வெட்டும். மில்லிமீட்டருக்கு இருபது பல், அவ்வளவுதான் ஃபார்முலா. அந்த டர்னர் எழுதிய அஞ்சு பிட்ச்சும் சும்மா எழுதியதில்லை. எம்6, எம்10, எம்16, எம்20, எம்24 போல்ட்டுகளின் பிட்ச் அவை. இன்ச்சு காலத்து மெஷினை மெட்ரிக் காலத்துக்குக் கூட்டி வந்த பட்டியல். பேர்கூட எழுதி வைக்கவில்லை மனுஷன்.

இந்த 25.4-ம் ரொம்பக் காலம் வழவழவென்றுதான் இருந்தது. பிரிட்டிஷ் இன்ச்சு அதைவிடத் துளி சின்னது, அமெரிக்க இன்ச்சு துளி பெரிசு. ஸ்வீடனைச் சேர்ந்த யோஹான்சன், தன் கேஜ் பிளாக்குகளை 20 டிகிரி செல்சியஸில் சரியாக 25.4 என்று வைத்து விற்க ஆரம்பித்தார். பட்டறைகள் அவர் பிளாக்கை வைத்துத்தான் அளந்தன. 1930-ல் பிரிட்டிஷ் தொழில்துறையும், 1933-ல் அமெரிக்கத் தொழில்துறையும் அதையே எடுத்துக்கொண்டன. அரசாங்கங்கள் சேர்ந்து ஒப்புக்கொண்டது 1959-ல்தான்.

பட்டியல் கிடைத்தது, சக்கரம் இல்லை. மற்ற மூணு லேத்தோடு அதுவும் கொதித்து எங்கேயோ பம்ப் பாடியாக மாறியிருக்கும். சரி, புதுசாக வெட்டிக்கலாம் என்று போனால்தான் வேடிக்கை. 127 பகா எண். டிவைடிங் ஹெட்டில் சாதாரணமாகப் பிரித்தால் வராது, அதற்குத் துணைக் கியர்கள் மாட்டி வேறு விதமாகச் செய்யணும். ஹாபிங் மெஷின் வைத்திருந்தவரிடம் கேட்டேன். “வெட்டலாங்க, ஆனா எம்பட மெஷின்ல 127 வெட்ட 127 வீல் ஒண்ணு வேணுமுங்களே” என்றார்!

சிரிப்பாக இருந்தாலும் இந்தத் தொழிலின் வரலாறே இந்தச் சிக்கல்தான். நல்ல மரை வெட்ட நல்ல லீட் ஸ்க்ரூ வேணும். நல்ல லீட் ஸ்க்ரூ எங்கிருந்து வரும்? இன்னொரு நல்ல லீட் ஸ்க்ரூவிலிருந்து. முதல் ஸ்க்ரூ?

இதோடு வாழ்நாள் முழுக்க மல்லுக்கட்டியவர் ஹென்றி மாட்ஸ்லே. 1771-ல் பிறந்த இங்கிலாந்துக்காரர். பூட்டு செய்யும் ஜோசப் பிராமாவிடம் ஃபோர்மேனாக இருந்தார். வாரம் முப்பது ஷில்லிங்குக்கு மேல் சம்பளம் தர மாட்டேன் என்று முதலாளி சொன்னதும், 1797-ல் வெளியே வந்து சொந்தப் பட்டறை போட்டார். 1800 வாக்கில் அவர் செய்த மரை வெட்டும் லேத் லண்டன் சயின்ஸ் மியூசியத்தில் இருக்கிறது. ஸ்லைடு ரெஸ்ட், லீட் ஸ்க்ரூ, மாற்றக்கூடிய கியர், மூணும் அதில் ஒன்றாக உண்டு. இவர்தான் முதல் ஆள் என்று எழுதுகிறவர்கள் உண்டு. அது சரியில்லை. 1770களிலேயே ஜெஸ்ஸி ராம்ஸ்டன் மரை வெட்டும் லேத் செய்துவிட்டார், பிரான்சிலும் ஒன்று இருந்தது. என்னைப் பொறுத்தவரை மாட்ஸ்லேயின் பெருமை வேறு. ஒரு ஸ்க்ரூவிலிருந்து அதைவிட நல்ல ஸ்க்ரூவை எடுக்கும் வழியை அவர் விடாமல் துரத்தினார்.

முதல் ஸ்க்ரூவுக்கு அவர் கண்ட வழி: மெதுவான உலோக உருளை மேல் ஒரு கத்தியைச் சாய்வாக வைத்து அழுத்தி, உருளையைச் சுற்றுவது. கத்தி தானே நகர்ந்து சுருள் கோடு கீறும். அதை வைத்து ஒரு ஸ்க்ரூ. பிழையோடுதான் இருக்கும். அந்தப் பிழையைச் சரிக்கட்டி அடுத்தது. ஐந்தடி நீளத்துக்கு இன்ச்சுக்கு 50 மரை உள்ள ஒரு ஸ்க்ரூ செய்தார், அதற்கு நட் மட்டும் ஒரு அடி நீளம், 600 மரை. ஏன் இவ்வளவு நீள நட்? ஒரு மரை கொஞ்சம் முன்னே பின்னே இருந்தாலும் 600 மரை சேர்ந்து பிடிக்கும்போது பிழை சராசரியாகிக் கரைந்துவிடும். அப்புறம் தன் மேஜையில் ஒரு மைக்ரோமீட்டர் வைத்திருந்தார். சண்டை வந்தால் அதுதான் தீர்ப்பு சொல்லும் என்பதால் அதற்கு ‘லார்டு சான்சலர்’ என்று பேர்.

அவரிடம் வேலை பார்த்தவர்தான் ஜோசப் விட்வொர்த். நம்ம ஊர் மெக்கானிக்குகள் வாயில் இன்னமும் இருக்கும் பெயர். 1841-ல் பல பட்டறைகளிலிருந்து போல்ட்டுகளைச் சேகரித்து, சராசரி பார்த்து, 55 டிகிரி கோணம் என்று நிர்ணயித்தார். அதற்கு முன் ஒரு பட்டறை போல்ட்டுக்கு அடுத்த பட்டறை நட் சேராது. என் லேத் முழுக்க அவர் மரைதான். இதற்கு ஸ்பேனர் தேடி உக்கடம் பழைய இரும்புக் கடைகளில் மூணு ஞாயிற்றுக்கிழமை அலைந்தேன். ஸ்பேனரில் அரை இன்ச்சு என்று போட்டிருக்கும், வாயை அளந்தால் அதைவிட ரொம்பப் பெரிசாக இருக்கும். அந்த எண் போல்ட்டின் விட்டத்தைக் குறிக்கிறது, ஸ்பேனர் வாயை இல்லை.

விட்வொர்த் 1840-ல் கிளாஸ்கோவில் படித்த கட்டுரை, தட்டையான பரப்பு செய்வது பற்றி. இங்கேயும் அதே கோழி முட்டைக் கதை. தட்டையா என்று பார்க்க ஒரு தட்டை வேணும். இரண்டு பிளேட்டை ஒன்றோடொன்று உரசிச் சரிசெய்தால், ஒன்று குழிந்தும் மற்றது புடைத்தும் கச்சிதமாகப் பொருந்திவிடும், ரெண்டும் தட்டை இல்லை. மூணு பிளேட்டை எடுத்து மாற்றி மாற்றி ஒப்பிட்டால் தப்பிக்க முடியாது. மூணும் மூணோடும் பொருந்தணும் என்றால் தட்டையாக இருந்தே ஆகணும். எமரி போட்டுத் தேய்க்காமல் ஸ்கிராப்பரால் மேட்டை மட்டும் சுரண்டணும் என்பது அவர் கட்சி.

என் கிராஸ் ஸ்லைடை நான் அப்படித்தான் செய்தேன். பழைய அரத்தின் முனையைத் தேய்த்தால் ஸ்கிராப்பர் ரெடி. நீல மையை சர்ஃபேஸ் பிளேட்டில் மெலிசாகத் தடவி, ஸ்லைடை வைத்து உரசி எடுத்தால் மேடான இடத்தில் நீலம் ஒட்டியிருக்கும். அதைச் சுரண்டு. மறுபடி மை. மறுபடி சுரண்டு. ஆபீஸ் விட்டு வந்து மூணு வாரம். முதல் நாள் நாலு இடத்தில் நீலம் இருந்தது, கடைசியில் பரப்பு முழுக்க அம்மைத் தழும்பு மாதிரிப் புள்ளி.

பெட்டை மட்டும் தொடவில்லை. கிரைண்டிங் போட்டுக் கொடுக்கிறேன் என்றார்கள். பெட்டில் அரை மில்லிமீட்டர் எடுத்தால் சாடில் அவ்வளவு கீழே இறங்கும், லீட் ஸ்க்ரூ நேர்கோட்டை விட்டு விலகும், அதைச் சரிபண்ண இன்னும் நாலு இடத்தில் கை வைக்கணும். தேய்மானம் 0.15 மி.மீ. நான் கடையப் போவது கதவுக் கீலும் சைக்கிள் புஷ்ஷும். போதும். கவருக்கும் வெளியே மட்டும்தான் பச்சை பெயின்ட். உள்ளே எண்ணெய் தொட்ட துணியால் துடைத்து விட்டிருக்கிறேன், எழுத்து அப்படியே இருக்கட்டும். “முழுசா பளபளன்னு பண்ணாம என்ன ரெஸ்டோரேஷன்?” என்று நண்பன் திட்டினான். திட்டட்டும்.

127-க்கு வழி சொன்னவர் மில்லில் இருந்து ரிட்டயர் ஆன ஒரு டர்னர். “அது வர்ற வரைக்கும் சும்மா இருக்காதீங்க தம்பி. நூத்துக்கு நூத்தி இருபத்தேழுன்னா, அறுபத்திமூணுக்கு எம்பதுன்னு போட்டுக்குங்க” என்றார். பேப்பரில் போட்டுப் பார்த்தேன். வித்தியாசம் எட்டாயிரத்தில் ஒன்று. எட்டு மீட்டர் நீளத்துக்கு மரை வெட்டினால் ஒரு மில்லிமீட்டர் தவறும். பள்ளிக்கூடம் எட்டாவதோடு நின்றவர் அவர்.

சக்கரமும் வந்தது. டிஃபரன்ஷியல் உள்ள ஹாபிங் மெஷின் வைத்திருந்த இன்னொருவர் வெட்டிக் கொடுத்தார். விட்டம் எட்டு இன்ச்சுக்கு மேல். மாட்டிவிட்டுக் கவரை மூடினேன். கவரில் ஓரிடத்தில் தகரம் வெளிப்பக்கம் புடைத்திருக்கும், அது ஏன் என்று அப்போது விளங்கியது. புதுச் சக்கரத்தின் விளிம்பு சரியாக அந்தப் புடைப்புக்குள் போய் உட்கார்ந்தது. பட்டியல் எழுதியவர் இடம் போதாமல் சுத்தியலால் தட்டி எடுத்திருக்கிறார்.

எம்16 வெட்டிப் பார்க்கும் அன்றைக்குப் பெரியவரையும் கூப்பிட்டேன். “ஹாஃப் நட்டை மட்டும் தூக்கிராதீங்க” என்பதுதான் முதல் பேச்சு. இன்ச்சு மரை என்றால் ஹாஃப் நட்டை விட்டுவிட்டு, டயலைப் பார்த்து மறுபடி பிடிக்கலாம். 127 போட்டு மில்லிமீட்டர் வெட்டும்போது டயல் உதவாது, விட்டால் பழைய மரையில் போய் விழாது. மோட்டாரை ரிவர்ஸில் ஓட்டித்தான் திரும்பி வரணும். ஆறு கட் ஓட்டினோம். கடையில் வாங்கிய நட்டை அவரே எடுத்து மாட்டினார். ரெண்டு சுற்று போய் நின்றது.

“கொஞ்சம் டைட்டா இருக்குதுங்க. இன்னொரு கட் ஓட்டுங்க.”