வல்லாள மகாராஜாவும் இபன் பதூதாவும்

திருவண்ணாமலையில் வல்லாள மகாராஜாவைத் தெரியாதவர்கள் குறைவு. பெரிய கோயிலில் அவர் பேரில் ஒரு கோபுரமே இருக்கிறது. பிள்ளையில்லாத அவருக்கு அண்ணாமலையாரே பிள்ளையாக வந்தார் என்கிறது அருணாசல புராணம். அதனால் வருஷா வருஷம் மாசி மகத்தன்று சாமி பள்ளிகொண்டாப்பட்டு ஆற்றங்கரைக்குப் போகிறார். மகன் ஸ்தானத்தில் நின்று ராஜாவுக்குத் திதி கொடுக்கிறார்.

வரலாற்றில் இவர் ஹொய்சள மன்னர் மூன்றாம் வீர வல்லாளர். டெல்லிப் படைகள் துவாரசமுத்திரத்தைச் சூறையாடிய பிறகு திருவண்ணாமலையைத் தலைநகராகக் கொண்டு மதுரை சுல்தான்களோடு மோதியவர். 1342-43 வாக்கில் திருச்சிக்குப் பக்கத்தில் கண்ணனூர்க் கொப்பத்துப் போரில் பிடிபட்டுக் கொல்லப்பட்டார். அந்தப் போரை நமக்கு விரிவாகச் சொல்பவர் மொராக்கோ பயணி இபன் பதூதா. அவரோ மதுரை சுல்தான் கியாசுதீனுக்குச் சகலை!

கிரேக்க-பாரசீகப் போரை எழுதுகிறவர்களுக்கும் இதே தலைவலிதான். கிமு 480இல் செர்க்சஸ் படையெடுத்து வந்த கதையை நாம் பெரும்பாலும் ஹெரோடோட்டஸ் என்ற கிரேக்கர் வழியாகத்தான் அறிகிறோம். அதைச் சொல்லும் பாரசீக வரலாற்று நூல் எதுவும் கையில் இல்லை. செர்க்சஸின் காலாட்படை மட்டும் 17 லட்சம் என்கிறார் அவர். இன்றைய ஆய்வாளர்கள் அதை ஏற்பதில்லை. அத்தனை பேருக்குச் சோறும் தண்ணீரும் எங்கிருந்து வரும்? இபன் பதூதா கணக்கில் வல்லாளர் படை ஒரு லட்சத்துக்கு மேல், சுல்தான் படை வெறும் 6,000. எண்ணைப் பார்த்தாலே எழுதியது எந்தப் பக்கம் என்று தெரிந்துவிடுகிறது.

அப்படியென்றால் இரண்டு பேரையும் தூக்கிப் போட்டுவிடலாமா? என் ஐடி வேலையில் இரண்டு சிஸ்டம் முட்டிக்கொள்ளும்போது பல சமயம் ஒன்றின் லாக்தான் கிடைக்கும். அதில் அந்த சிஸ்டம் தன் பிழையைத் தானே பதிந்திருக்கும் வரியைத்தான் நான் முதலில் தேடுவேன்.

இபன் பதூதாவிடம் அப்படிப்பட்ட வரிகள் உண்டு. விடுவிப்பதாகச் சொல்லி வல்லாளரின் செல்வத்தையெல்லாம் வாங்கிக்கொண்டு பிறகு கொன்றார்கள். தோலை உரித்து வைக்கோல் அடைத்து மதுரை மதிலில் தொங்கவிட்டதை நானே பார்த்தேன் என்கிறார். சுல்தான் பெண்களையும் குழந்தைகளையும் கொன்றதைக் கண்டிக்கிறார். வல்லாளர் படையில் 20,000 முஸ்லிம்கள் இருந்ததாகவும் சொல்கிறார். அந்த எண்ணை நம்ப வேண்டாம். ஆனால் அவர்கள் இருந்தார்கள் என்பதைப் புனைந்து சொல்ல அவருக்கு என்ன லாபம்? ஹெரோடோட்டஸும் கிரேக்கத் தீபஸ் நகரத்தார் பாரசீகர் பக்கம் நின்று போரிட்டதை மறைக்கவில்லை. அவர் அந்நியருக்குப் பரிந்து பேசுகிறவர் என்று புளூட்டார்க் பிற்காலத்தில் திட்டியே எழுதினார். பிற்பாடு நாம் போடும் 'இவர்கள் - அவர்கள்' கோடு, பழைய எழுத்தில் அவ்வளவு நேராக ஓடுவதில்லை.

இதே கேள்வியை நம்மூர்ப் புராணத்திடமும் கேட்டாக வேண்டும். வல்லாளருக்குப் பிறகு பட்டத்துக்கு வந்தவர் அவருடைய மகன் விருபாட்ச வல்லாளர். பிறகு ஏன் பிள்ளையில்லாத ராஜா? மதுரை மதிலில் தொங்கிய ராஜாவுக்கு முறையான ஈமக்கடன் நடக்கவில்லை என்ற உறுத்தல்தான், சாமியையே மகனாக்கித் திதி கொடுக்க வைத்ததோ என்று எனக்குத் தோன்றுகிறது. இது வெறும் ஊகம். கல்வெட்டு எதுவும் இதற்குச் சாட்சி சொல்லவில்லை. ஆனால் புராணத்தை மட்டும் வைத்துக்கொண்டு அந்த மதிலை மறந்துவிட்டால், ஆற்றங்கரையில் அந்தத் திதி எதற்காக நடக்கிறது என்ற கேள்விகூட நமக்கு எழாது.