பனிவண்டியும் ஜே.சி.பி.யும்: இடித்தது தெரியும், கொடுப்பது யார்?

புயலில் தப்பிய கார், புயலுக்குப் பின் வந்த ஜே.சி.பி.யிடம் தப்பாமல் போவதுண்டு. 2022 டிசம்பர் 9 நள்ளிரவை ஒட்டி மாண்டஸ் புயல் மாமல்லபுரம் அருகே கரையைக் கடந்தது. அதுபோன்ற இரவுகளுக்கு மறுநாள் கிழக்குக் கடற்கரைச் சாலையிலும் செங்கல்பட்டுத் தெருக்களிலும் மரம் அகற்ற இயந்திரங்கள் இறங்கும். கிளைக் குவியலுக்கு அடியில் கார் இருப்பது ஓட்டுநர் கண்ணில் படாது. பக்கெட் திரும்பும் வேகத்தில் கதவு நசுங்கிவிடும். கனடாவின் டொராண்டோவில், தமிழர் நிறைந்த ஸ்காபரோ பகுதியில், இதே வேலையைப் பனி அள்ளும் வண்டி செய்கிறது. அங்கே காரை மூடியிருப்பது பனி, இங்கே மரக்கிளை. இயந்திரங்களைப் பொறுத்தவரை வேற்றுமை அவ்வளவுதான். பணம் கைக்கு வரும் வழியில்தான் இரண்டு ஊரும் வெகுதூரம் விலகி நிற்கின்றன.

டொராண்டோ அடங்கிய ஒன்டாரியோ மாகாணத்தில் 1990 முதல் ஓர் ஏற்பாடு உண்டு. இன்னொரு வண்டி உங்கள் காரை இடித்து, தவறு உங்கள் மேல் இல்லையென்றால், செலவை உங்கள் காப்பீட்டு நிறுவனமே நேரடியாகக் கொடுக்கும். இடித்தவரைத் துரத்த வேண்டியதில்லை. இடித்த வண்டி எதுவென்று தெரிய வேண்டும், அதற்கும் அங்கே முறையான காப்பீடு இருக்க வேண்டும், அவ்வளவே. 2024 ஜனவரி முதல் இந்தப் பாதுகாப்பை வேண்டாமென்று விலக்கிக்கொள்ளவும் வழி வந்திருக்கிறது. பிரீமியம் சற்றுக் குறையுமே என்று விலக்கியவர், பனிவண்டி இடிக்கும் நாளில்தான் அதன் அருமையை உணர்வார்.

இங்கே கதை வேறு. ஜே.சி.பி. இடித்த உடனே காதில் விழும் முதல் வசனம், "அண்ணே, வண்டிய ஒதுக்கி நிறுத்தியிருக்கக் கூடாதா?" என்பதுதான். ஓட்டுநர் கூலிக்கு வந்தவர். வண்டி யாரோ ஒரு ஓனருடையது. அதை வாடகைக்கு எடுத்தவர் ஒப்பந்ததாரர். வேலை கொடுத்தது ஊராட்சியோ நகராட்சியோ நெடுஞ்சாலைத் துறையோ. ஆளுக்கு ஒரு திசையைக் கைகாட்ட, காரின் சொந்தக்காரர் நான்கு வாசலுக்கும் நடக்க வேண்டும். பாதிப் பேர் தெருவிலேயே பேசி, டிங்கரிங் செலவில் ஒரு பங்கை வாங்கிக்கொண்டு போய்விடுகிறார்கள். சின்னக் கீறலுக்கு அது புத்திசாலித்தனம்தான். கதவும் தூணும் உள்ளே போயிருந்தால் அது நஷ்டம்.

சட்டம் நம் பக்கம் பலமாகவே இருக்கிறது என்பதுதான் பலருக்குத் தெரியாத செய்தி. ஜே.சி.பி. போன்ற மண்வாரி இயந்திரங்களும் மோட்டார் வாகனங்களே என்று, கேரளத்தில் வரி தொடர்பாக எழுந்த ஒரு வழக்கில், உச்ச நீதிமன்றம் 2001இல் தெளிவாக்கியது. ஆகவே பொதுச் சாலையில் இறங்கும் தனியார் ஜே.சி.பி.க்கு மூன்றாம் நபர் காப்பீடு கட்டாயம். அந்தக் காப்பீடு உயிருக்கும் உடலுக்கும் மட்டும் உரியதல்ல, பிறர் பொருளுக்கும் உண்டு. இரு சக்கர வாகனம் தவிர்த்த வண்டிகளின் பாலிசிகளில் பொருள்சேதத்துக்கு வழக்கமாக 7.5 லட்சம் ரூபாய் வரை இடம் இருக்கும். மோட்டார் விபத்துத் தீர்ப்பாயம் என்றாலே உயிரிழப்பு, கைகால் முறிவு என்று நினைக்கிறோம். நசுங்கிய காருக்காகவும் அங்கே மனு போடலாம். 2022 ஏப்ரல் முதல் அதற்கு ஆறு மாதக் கெடு வந்திருக்கிறது. அந்தக் கெடு உச்ச நீதிமன்றத்தில் கேள்விக்கு உள்ளாகியிருந்தாலும், அதை நம்பிச் சும்மா இருக்கக் கூடாது. இயந்திரம் அப்போது வண்டியாக ஓடவில்லை, கருவியாகத்தான் வேலை செய்தது என்று எதிர்த்தரப்பு நிறுவனம் வாதாடலாம். அதற்கும் தயாராக இருக்க வேண்டும்.

இடித்தது அரசு வண்டியே என்றால்? அரசுப் பணிக்கு மட்டும் ஓடும் அரசு வாகனத்துக்குக் கட்டாயக் காப்பீட்டிலிருந்து சட்டமே விலக்குத் தருகிறது. அப்போது துறையே பதில் சொல்ல வேண்டும். சர்க்கார் மேல் வழக்கா என்று தயங்குகிறவர்கள் 1861ஆம் ஆண்டைப் பார்க்கலாம். கல்கத்தாவின் கிதர்ப்பூர் கப்பல் தளத்தில் அரசுத் தொழிலாளர் தூக்கிச் சென்ற இரும்பைச் சாலையில் போட, அந்தச் சத்தத்தில் மிரண்ட வண்டிக் குதிரை காயப்பட்டது. குதிரையின் சொந்தக்காரரான கப்பல் கம்பெனிக்கு அரசு ஈடு தர வேண்டும் என்று தீர்ப்பானது. சுதந்திரத்துக்குப் பின் 1962இல், அரசு ஜீப் ஓட்டுநரின் அஜாக்கிரதைக்கு ராஜஸ்தான் அரசே பொறுப்பு என்று உச்ச நீதிமன்றமும் சொன்னது.

பிறகு ஏன் நம்மவர்கள் சொந்தப் பாலிசியிலேயே கைவைக்கிறார்கள்? வேகம் கருதித்தான். சர்வேயர் வருவார், பணிமனை வேலையைத் தொடங்கும். ஆனால் ஐந்து வருடம் கிளைம் இல்லாமல் சேர்ந்த 50 சதவீதத் தள்ளுபடி போய்விடும். தேய்மானக் கழிவில்லாப் பாலிசி இல்லையென்றால் பிளாஸ்டிக் பம்பரின் விலையில் பாதிதான் கிடைக்கும். தவறே செய்யாதவர் தன் கையிலிருந்து கட்டுகிறார்.

டொராண்டோவும் சொர்க்கம் அல்ல. பனி அள்ளும் வேலையில் பெரும்பகுதி அங்கேயும் ஒப்பந்ததாரர் கையில்தான். மாநகராட்சிக்கு எழுதினால் கடிதம் ஒப்பந்ததாரரின் காப்பீட்டுக்குத் தள்ளிவிடப்படுகிறது. எந்த வண்டி இடித்தது என்றே தெரியாவிட்டால், மோதல் காப்பீடு வாங்கியவர் மட்டும் தப்பிக்கிறார். ஒன்டாரியோவின் பிரீமியச் சுமையோ ஊரறிந்தது. ஆனாலும் எந்தப் பனிவண்டி எங்கே ஓடுகிறது என்று மாநகராட்சி இணைய வரைபடத்தில் காட்டுகிறது. இடித்த வண்டியைத் தேடுகிறவருக்கு அதுவே பாதிச் சான்று. நம் ஜே.சி.பி.யின் பின்பக்க எண்ணோ பல நேரம் சேற்றுக்குள் இருக்கிறது.

எனவே எண்ணையும் இடத்தையும் ஓட்டுநரையும் இயந்திரம் நகர்வதற்கு முன்பே படம் எடுங்கள். காவல் நிலையத்தில் புகார் கொடுத்து சி.எஸ்.ஆர். ரசீது வாங்குங்கள். உங்கள் காப்பீட்டு நிறுவனத்துக்கும் அன்றே சொல்லிவிடுங்கள். ஒப்பந்ததாரர் யார் என்று அலுவலகம் மழுப்பினால், 10 ரூபாய்க் கட்டணத்தில் தகவல் உரிமைச் சட்ட மனு போட்டுக் கேட்கலாம். பதில் தர அவர்களுக்கு 30 நாள். ஆறு மாதக் கெடுவுக்குள் அது அடங்கிவிடும்.

உள்ளாட்சிகளிடம் கேட்க வேண்டியதும் ஒன்று உண்டு. மழைக்காலத்துக்கு இயந்திரங்களை வாடகைக்கு அமர்த்தும்போது, நடப்பிலுள்ள காப்பீட்டின் நகலையும் பளிச்செனத் தெரியும் வாகன எண்ணையும் பணி ஆணையில் நிபந்தனையாகச் சேர்க்க வேண்டும். அடுத்த கிராம சபைக் கூட்டத்தில் உங்கள் ஊராட்சித் தலைவரிடம் இதைக் கேளுங்கள்.