நுழைவழி மறுஆய்வு

சாலையோரத்தில் ஏற்கெனவே நடந்துவரும் ஒரு வணிகம் தன் கட்டடத்தை இடித்துக் கட்டவோ, விரிவாக்கவோ, வேறு தொழிலுக்கு மாறவோ அனுமதி கேட்டு வரும்போது, அந்த மனைக்கு எத்தனை வண்டி வாசல்கள் வேண்டும், அவை எங்கே, எவ்வளவு அகலத்தில் இருக்க வேண்டும், அவற்றிலிருந்து எந்தப் பக்கம் திரும்பலாம் என்பதை நகர நிர்வாகம் புதிதாகப் பரிசீலிப்பதே நுழைவழி மறுஆய்வு. இந்த நடைமுறை மிக விரிவாக வளர்ந்த நாடு அமெரிக்கா. நகரச் சாலையாக இருந்தால் நகரப் பொறியாளரின் ஒப்புதல் போதும். மாநில நெடுஞ்சாலையாக இருந்தால் மாநிலப் போக்குவரத்துத் துறையின் அனுமதியும் தேவைப்படும். கொலராடோ 1979-இல் இதற்கென ஒரு சட்டம் இயற்றி, 1981-இல் மாநிலம் முழுமைக்குமான நுழைவழி விதித்தொகுப்பைக் கொண்டுவந்தது. புளோரிடா 1988-இலும் நியூ ஜெர்சி 1989-இலும் தத்தம் சட்டங்களை இயற்றின. போக்குவரத்து ஆராய்ச்சி வாரியம் 2003-இல் வெளியிட்டு 2014-இல் திருத்திய நுழைவழி மேலாண்மைக் கையேடு பல நகரங்களின் விதிகளுக்கு அடித்தளம். இவ்வளவு விதிகள் இருந்தும், பழைய மனை ஒன்று புதுப்பிக்கப்படும்போது அவற்றை எப்படிப் பொருத்துவது என்பதில்தான் சிக்கல் எழுகிறது. புதிய நிலத்துக்காக வகுத்த இடைவெளி அட்டவணையைப் பழைய மனைமீது அப்படியே வைத்து, பொருந்துகிறதா இல்லையா என்று பார்ப்பது தவறான அளவுகோல். இன்று இருப்பதைவிட நாளை எவ்வளவு மேம்படும் என்பதே சரியான அளவுகோல். இக்கட்டுரை அந்த நிலைப்பாட்டை எடுத்து அதற்கான காரணங்களை முன்வைக்கிறது.

ஒரு வாசலுக்கு ஏன் இவ்வளவு கவலை என்ற கேள்விக்கு விடை, வண்டிகளின் பாதைகள் ஒன்றையொன்று வெட்டும் இடங்களின் எண்ணிக்கையில் இருக்கிறது. நான்கு சாலைகள் கூடும் சாதாரணச் சந்திப்பில் இப்படி 32 மோதல் புள்ளிகள் உண்டு; மூன்று கிளைகள் கூடும் இடத்தில் 9. எல்லாப் பக்கமும் திரும்ப அனுமதிக்கும் ஒரு கடை வாசல், கணக்குப்படி, மூன்று கிளைகள் கூடும் சந்திப்புதான். அமெரிக்காவில் வண்டிகள் சாலையின் வலப்பக்கம் ஓடுகின்றன. ஆகவே இடப்பக்கம் திரும்புபவர் எதிரே வரும் வண்டிகளைக் கடந்தாக வேண்டும். நம் ஊரில் வலப்பக்கம் திரும்பும்போது படும் பாடு அது. வாசலில் வலத்திருப்பத்தை மட்டும் அனுமதித்தால் 9 புள்ளிகள் இரண்டாகக் குறைந்துவிடும்: உள்ளே பிரிந்து போகும் புள்ளி ஒன்று, வெளியே வந்து கலக்கும் புள்ளி ஒன்று. 1999-இல் வெளியான தேசிய நெடுஞ்சாலை ஆராய்ச்சித் திட்டத்தின் 420-ஆம் அறிக்கை, ஒரு மைலில் கூடும் ஒவ்வொரு வாசலும் விபத்து வீதத்தைச் சுமார் 4 விழுக்காடு உயர்த்துகிறது என்றும், மைலுக்கு 10 வாசல்கள் உள்ள சாலையைவிட 60 வாசல்கள் உள்ள சாலையில் விபத்து வீதம் ஏறத்தாழ மூன்று மடங்கு என்றும் கணித்தது. அறுபது வாசல் என்றால் 88 அடிக்கு ஒன்று. கடைகள் நெருங்கிய பழைய வணிகச் சாலைகளில் இது சாதாரணமாகக் காணும் நிலை.

முனை மனையில் இருக்கும் பழைய பெட்ரோல் பங்க் இதற்கு எடுப்பான எடுத்துக்காட்டு. கார்களின் பொற்காலத்தில் கட்டப்பட்ட இத்தகைய பங்குகளில் இரண்டு சாலைகளை நோக்கியும் இவ்விரண்டு வாசல்கள், ஆக நான்கு இருக்கும். ஒவ்வொன்றும் முப்பது அடிக்குக் குறையாத அகலம். சில இடங்களில் விளிம்புக் கல்லே கிடையாது. மனையின் தார்த்தளமும் சாலையும் ஒன்றாகவே ஓடும். சிக்னலுக்கு மிக அருகில் இருக்கும் வாசலின் கதையைப் பாருங்கள். சிவப்பு விழுந்ததும் வண்டிகள் வரிசையாக நின்று அந்த வாசலை அடைத்துக்கொள்கின்றன. பெட்ரோல் போட்டு வெளியே வருபவருக்கு நல்ல மனதுள்ள ஒருவர் நின்று வழிவிடுகிறார். வெளியே வருபவர் அந்த இடைவெளியில் நுழைந்து இடப்பக்கம் திரும்பப் பார்க்கிறார். நிற்கும் வரிசைக்கு அப்பால் அடுத்த தடத்தில் வேகமாக வரும் வண்டி அவர் கண்ணுக்குத் தெரிவதில்லை. அந்த ஓட்டுநருக்கும் இவரைத் தெரிவதில்லை. நடைபாதையில் வருபவரின் நிலை இதைவிட மோசம். முப்பது, நாற்பது அடிக்கு எங்கிருந்து வண்டி வரும் என்று தெரியாத வெளியை அவர் கடக்க வேண்டும். வாசலின் சரிவு நடைபாதையின் குறுக்கே இறங்குவதால் சக்கர நாற்காலி சாலைப் பக்கமாகச் சாய்ந்து இழுக்கும். தள்ளுபவர் ஒரு கையால் அதை எதிர்த்துப் பிடித்துக்கொண்டே போக வேண்டியிருக்கும். பொது நடைபாதைகளுக்கான கூட்டாட்சி வழிகாட்டுதல் குறுக்குச் சரிவை ஏறத்தாழ 2 விழுக்காட்டுக்குள் கட்டுப்படுத்துவது இதற்காகத்தான். பழைய வாசல்கள் பலவற்றில் சரிவு அதற்கு வெகுவாக மேல்.

இந்த வாசல்களை நகரம் விரும்பியபோது மூடிவிட முடியாது. அவை போடப்பட்ட காலத்து விதிகளின்படி முறையானவை. உரிமையாளர் எதையும் மாற்றாதவரை பெரும்பாலும் அப்படியே தொடரும். அவர் அனுமதி கேட்டு வரும் நாளில்தான் பேச்சுக்கு வழி திறக்கிறது. அந்த நாள் எது என்பதையும் விதிகள் வரையறுக்கின்றன. கொலராடோவில், நிலப் பயன்பாடு மாறுவதால் வாசலின் போக்குவரத்து 20 விழுக்காடோ அதற்கு மேலோ உயர்ந்தால் புதிய அனுமதி வேண்டும். புளோரிடாவில், போக்குவரத்து 25 விழுக்காட்டுக்கு மேல் கூடுவதோடு நாளொன்றுக்கு 100 வண்டிகளுக்கு மேலும் கூடினால்தான் அது கணிசமான மாற்றம். இந்த இரட்டை நிபந்தனை விவேகமானது. நாளுக்கு 40 வண்டி வரும் தையல் கடை 60 வண்டி வரும் கடையாக மாறினால் விழுக்காட்டில் பாதி உயர்வு. சாலைக்கோ அது பொருட்டே இல்லை.

பேச்சு தொடங்கியதும் அட்டவணை குறுக்கே வந்து நிற்கிறது. நடுத்தடுப்பு உள்ள ஒரு வகை மாநிலச் சாலையில், மணிக்கு 45 மைல் வேக வரம்புக்குள் வாசலுக்கு வாசல் 245 அடி, அதற்கு மேற்பட்ட வேகத்தில் 440 அடி என்று புளோரிடா வகுத்தது. பொறியியல் நோக்கில் இந்த எண்களில் பிழை சொல்ல முடியாது. ஆனால் முகப்பு 150 அடியே உள்ள மனை எந்தக் காலத்திலும் இவற்றை நிறைவேற்றப் போவதில்லை. நகரம் அட்டவணையிலேயே நின்றால் உரிமையாளர் விண்ணப்பத்தைத் திரும்பப் பெற்றுக்கொண்டு பழைய பங்கையே பெயிண்ட் அடித்து நடத்துவார். நான்கு வாசல்களும் நான்காகவே இருக்கும். அட்டவணை மீறப்படவில்லை என்று கோப்பு சொல்லும். முனையில் விபத்து குறையாது. இந்த முட்டுச்சந்திலிருந்து வெளியேற ஒரேகன் மாநிலத்தின் நெடுஞ்சாலை விதிகள் ஒரு வழி காட்டின. இடைவெளி நெறியை முழுமையாக எட்டாவிட்டாலும், முன்மொழியும் மாற்றம் அந்த நெறியை நோக்கி நகர்வதாக இருந்தால் அனுமதிக்கலாம் என்பது அங்குள்ள கொள்கை. நான்கு வாசல் இரண்டாகக் குறைவது, சிக்னலை ஒட்டியது மனையின் மறுகோடிக்குத் தள்ளிப் போவது, நாற்பது அடி வாய் முப்பதாகச் சுருங்குவது, இடத்திருப்பம் தடுக்கப்படுவது எல்லாமே அந்த நகர்வில் அடங்கும்.

இப்படி விட்டுக்கொடுத்தால் நெறியே கரைந்துபோகும், எல்லாரும் விதிவிலக்கு கேட்பார்கள் என்று பொறியாளர்கள் அஞ்சுவது நியாயம்தான். ஆனால் விதிவிலக்கும் நெருங்குதலும் ஒன்றல்ல. விதிவிலக்கில், நெறியிலிருந்து எவ்வளவு விலகலாம் என்று விண்ணப்பதாரர் கேட்கிறார். நெருங்குதலில், இன்றைய நிலையிலிருந்து எவ்வளவு முன்னேறுகிறீர்கள் என்று நகரம் கேட்கிறது. அளவு தொடங்கும் இடம் மாறுவதால் மெய்ப்பிக்கும் பொறுப்பும் மாறுகிறது. நெறிக்கு எவ்வளவு அருகில் வர முடியுமோ அவ்வளவு வந்துவிட்டதை விண்ணப்பதாரர் வரைபடத்தோடு காட்ட வேண்டும்: எரிபொருள் லாரி திரும்பும் வளைவு, பம்புகளின் இருப்பு, உள்ளே வண்டிகள் வரிசை நிற்கும் நீளம் எல்லாவற்றோடும். லாரி ஒரு வாசலில் நுழைந்து இன்னொன்றில் வெளியேற வேண்டும் என்பது பெரும்பாலும் உண்மையான தேவை. நான்கு வாசலும் வேண்டும் என்பதற்கு அப்படி ஒரு காரணம் காட்டுவது கடினம்.

அதே அளவுக்கு நகரமும் கணக்குக் காட்டியாக வேண்டும். 1994-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்த டோலன் எதிர் டைகார்டு நகரம் வழக்கு இந்தத் துறையில் இருப்பவர்கள் அனைவரும் அறிந்தது. ஒரேகனில் உள்ள டைகார்டின் மெயின் ஸ்ட்ரீட்டில் புளோரன்ஸ் டோலன் என்பவருக்கு 9,700 சதுர அடியில் குழாய், மின்சாதனக் கடை இருந்தது. அதை 17,600 சதுர அடியாக்கி, ஜல்லி விரித்த நிறுத்துமிடத்துக்குத் தளம் போட அவர் அனுமதி கேட்டார். ஓடையோர வெள்ளச் சமவெளி நிலத்தையும், அதை ஒட்டி 15 அடி அகலத்தில் சைக்கிள் பாதைக்கான நிலத்தையும் பொதுமக்களுக்கு எழுதிக்கொடுத்தால் அனுமதி என்றது நகரம். விரிவாக்கத்தால் நாளுக்கு 435 வண்டிப் பயணங்கள் கூடும் என்றும், சைக்கிள் பாதை அந்தச் சுமையில் ஓரளவைக் குறைக்கக்கூடும் என்றும் காரணம் சொன்னது. 'குறைக்கக்கூடும்' என்பது 'குறைக்கும்' ஆகிவிடாது என்று தீர்ப்பு சுட்டிக்காட்டியது. கேட்கும் நிபந்தனை கட்டடம் உண்டாக்கும் பாதிப்புக்கு ஏறத்தாழ ஈடாக இருக்க வேண்டும். துல்லியமான கணிதம் தேவையில்லை, ஆனால் அந்த மனைக்கே உரிய கணக்கு வேண்டும் என்று 5-க்கு 4 என்ற பெரும்பான்மையில் தலைமை நீதிபதி ரென்குவிஸ்ட் எழுதினார். பணமாகக் கேட்பதற்கும் இதே அளவுகோல் என்று 2013-இல் கூன்ட்ஸ் வழக்கும், சட்டமன்றமோ மன்றக்குழுவோ முன்கூட்டியே விதித்த கட்டணமும் இதிலிருந்து தப்பாது என்று 2024-இல் ஷீட்ஸ் வழக்கும் தெளிவாக்கின. டோலன் வழக்கு வாசலைப் பற்றியது அல்லதான். என்றாலும், வாசலைக் குறைக்கச் சொல்வதோடு சாலை அகலப்படுத்த முகப்பில் பத்தடி நிலத்தையும் எழுதிக் கேட்கும் நகரம், அந்தப் பத்தடிக்கும் இந்தக் கடைக்கும் என்ன தொடர்பு என்று எண்களில் சொல்லக் கடமைப்பட்டது. மேம்பாட்டை அளவிடும் மறுஆய்வில் இன்றைய நிலையும் நாளைய நிலையும் பக்கம் பக்கமாக எழுதப்பட்டிருக்கும். ஆகவே இந்தச் சோதனையையும் அதுவே எளிதில் தாங்கும்.

வாசல் என்பது சொத்துரிமை, அதில் கைவைக்க நகரம் யார் என்ற வாதமும் உண்டு. பொதுச் சாலையை அடையும் உரிமை நில உரிமையாளருக்கு உண்டு என்பதை அமெரிக்க நீதிமன்றங்கள் நெடுங்காலமாக ஏற்றுவந்துள்ளன. ஆனால் அந்த உரிமை நியாயமான வழிக்கு உரியது. குறிப்பிட்ட இடத்தில் குறிப்பிட்ட வாசலுக்கு உரியது அல்ல என்று நியூ ஜெர்சிச் சட்டம் வெளிப்படையாகவே சொல்கிறது.

வணிகர்களின் உண்மையான அச்சம் சட்டத்தைவிடக் கல்லாப்பெட்டியைப் பற்றியது. அதை ஒதுக்கித் தள்ளக் கூடாது. அயோவா மாநிலத்தில் 1990-களில் நுழைவழிகள் ஒழுங்குபடுத்தப்பட்ட சாலைகளை ஆராய்ந்தபோது விபத்து வீதம் சராசரியாகச் சுமார் 40 விழுக்காடு குறைந்திருந்தது. விசாரிக்கப்பட்ட வணிகர்களில் 80 விழுக்காட்டுக்கும் மேற்பட்டோர் விற்பனை முன்னளவுக்குக் குறையவில்லை என்றனர். டெக்சாஸ் போக்குவரத்து நிறுவனம் நடுத்தடுப்பு எழுப்பப்பட்ட சாலைகளில் செய்த ஆய்வுகளும், பணி தொடங்கும் முன் உரிமையாளர்கள் அஞ்சிய அளவுக்குப் பின்னர் இழப்பு நேரவில்லை என்றே காட்டின. ஆனால் சராசரிக்குள் ஒளிந்திருப்பவர்களையும் கவனிக்க வேண்டும். பல் மருத்துவரிடம் போகிறவர் வாசல் எங்கிருந்தாலும் சுற்றிக்கொண்டாவது போவார். பெட்ரோல் பங்கும் காபிக் கடையும் போகிற போக்கில் திரும்புகிறவரை நம்பியவை. இடத்திருப்பம் மறிக்கப்பட்டால் எதிர்த்திசையில் வருபவர் அடுத்த பங்குக்குப் போய்விடுவார். எனவே வாசல்களின் எண்ணிக்கையைக் குறைப்பதையும் இடத்திருப்பத்தைத் தடுப்பதையும் ஒரே மூச்சில் கேட்காமல் தனித்தனியே எடைபோட வேண்டும். முதலாவதால் கடைக்கு இழப்பு மிகச் சிறிது. இரண்டாவது வலிக்கும் என்பதால், அடுத்த சந்திப்பில் பாதுகாப்பாகத் திரும்பி வர இடம் இருக்கிறதா என்று பார்த்த பின்னரே கேட்க வேண்டும்.

எனக்குக் கடினமாகத் தோன்றும் எதிர்வாதம் இன்னொன்று. முதலில் புதுப்பிக்க முன்வருபவர் வாசலை இழக்கிறார். பக்கத்து மனைக்காரர் ஒன்றும் செய்யாமல் தன் மூன்று வாசல்களையும் வைத்துக்கொள்கிறார். முயற்சி எடுத்தவருக்குத் தண்டனை, சும்மா இருந்தவருக்குப் பரிசு என்றால் அது நியாயமில்லை. ஒரு மனையை மட்டும் பார்த்து மறுஆய்வு செய்யும்வரை இந்த அநியாயம் தீராது. மனைகளுக்கு இடையே வழிப்பாத்தியம் ஏற்படுத்துவதே இதற்கு மருந்து. முதலில் வருபவரிடம், தன் நிறுத்துமிடத்தின் ஊடாகப் பக்கத்து மனையின் வண்டிகள் போகப் பாத்தியம் எழுதித்தரச் சொல்கிறார்கள். பக்கத்து மனை புதுப்பிக்கப்படும் நாளில் அதனிடமும் அதே பாத்தியம் பெறுவோம் என்று நகரம் தன் திட்டத்திலேயே எழுதிவைக்கிறது. அதுவரை முதலில் வந்தவருக்கு ஒரு வாசல் கூடுதலாகத் தற்காலிக அனுமதியில் இருக்கும். இரு மனைகளையும் இணைக்கும் பொது ஊடுவழி திறந்த பிறகு அந்தக் கூடுதல் வாசலை மூட வேண்டும் என்ற நிபந்தனை பத்திரத்தில் பதிவாகி, சொத்தை வாங்கும் அடுத்தவரையும் கட்டுப்படுத்தும். பதிவு செய்யாமல் அனுமதிக் கடிதத்தில் மட்டும் எழுதினால், அலுவலர் மாறி உரிமையாளர் மாறிப் பத்து ஆண்டு கழிந்ததும் அந்தத் தற்காலிக வாசல் நிரந்தரமாகிவிடும்.

நெகிழ்வு இருக்கும் இடத்தில் தயவு பார்ப்பதும் நுழையும் என்பதால், ஒவ்வொரு முடிவுக்கும் காரணத்தை எழுத்தில் பதிவது இந்த முறையின் உயிர்நாடி. பழைய வாசல் எண்ணிக்கை, புதிய எண்ணிக்கை, சந்திப்பிலிருந்து தூரம், நடைபாதையைக் குறுக்கிடும் மொத்த அகலம், இருபுறமும் தெரியும் பார்வைத் தூரம் ஆகியவற்றை எல்லா விண்ணப்பத்திலும் ஒரே படிவத்தில் நிரப்பினால், இவருக்கு ஏன் இரண்டு, அவருக்கு ஏன் ஒன்று என்று கேட்கிறவர் கையில் ஆதாரம் இருக்கும். ஊடுவழிக்காக விடப்படும் தார்ப்பாதைத் துண்டும் அந்த வரைபடத்தில் இருக்க வேண்டும். அது மனையின் எல்லை வரை ஓடி, பக்கத்து வேலிக்கு முன்னால் சட்டென்று நின்றுவிடும். எதற்கு என்று தெரியாத புது உரிமையாளர் அதில் குப்பைத் தொட்டியை வைத்துவிடுவதுண்டு. வரைபடம் கோப்பில் இருந்தால், வேலிக்கு அப்பால் இருப்பவர் அனுமதி கேட்டு வரும் நாளில் தொட்டியை நகர்த்தச் சொல்லலாம்.