கோணக்குறி நுழைந்த கடிதங்கள்

மின்மடல் பயணம் செய்த கதையைப் பலரும் எழுதிவிட்டார்கள். வந்து சேர்ந்த மடல் எங்கே, எவ்வடிவில் தங்கியது என்பதை எழுதியவர்கள் குறைவு. சுவடிப் பதிப்போடு சிறிதேனும் பழகியவர்களுக்கு இந்த இரண்டாம் கதையே சுவையானது. இதில் இடைச்செருகல் உண்டு. எழுதியவன் கையா, படியெடுத்தவன் கையா என்ற தீராத வழக்கும் உண்டு.

1965இல் எம்.ஐ.டி.யின் சி.டி.எஸ்.எஸ். கணினியில் டாம் வான் விளெக், நோயல் மோரிஸ் இருவரும் 'மெயில்' என்னும் ஆணையை எழுதினர். அனுப்பிய செய்தி, பெறுபவரின் கோப்பு ஒன்றில் போய்ச் சேர்ந்தது. 1971 நவம்பரில் வெளிவந்த யூனிக்ஸ் முதற்பதிப்பின் கையேட்டிலும் இதே பெயருடைய ஆணை இருக்கிறது. அது 'மெயில்பாக்ஸ்' என்ற கோப்பைக் காட்டிவிட்டு, வைத்துக்கொள்ளலாமா என்று கேட்கும். ஆம் என்றால் கோப்பு 'எம்பாக்ஸ்' எனப் பெயர் மாறும், இல்லையென்றால் அழிந்துபோகும். அழியாமல் தப்பிய கடிதங்களுக்கு இட்ட அப்பெயரே பின்னர் ஒரு சேமிப்பு வடிவத்தின் பெயராக நிலைத்தது.

எம்பாக்ஸ் என்பது ஒரே நீண்ட கோப்பு. நூறு மடலானாலும் ஆயிரமானாலும் ஒன்றன்கீழ் ஒன்றாக அதிலேயே கிடக்கும். 'இன்னாரிடமிருந்து' எனப் பொருள்படும் 'ஃப்ரம்' என்ற ஆங்கிலச் சொல், ஓர் இடைவெளி, அனுப்பியவர் முகவரி, நாள் ஆகியவை கொண்ட வரி எங்கே வருகிறதோ, அங்கே புதிய மடல் தொடங்குகிறது. வேறு எல்லைக்கல் கிடையாது.

கடிதம் எழுதுபவரே ஒரு வரியை அச்சொல்லால் தொடங்கிவிட்டால்? மென்பொருள் அதைப் புதிய மடலாகக் கருதி, ஒரு கடிதத்தை இரண்டாக வெட்டிவிடும். இதைத் தடுக்க, அத்தகைய வரியின் முன் ஒரு கோணக்குறியை (>) நுழைத்தார்கள். கடிதத்தின் உடலில் சேமிப்பவன் கைவைத்த இடம் இதுதான். படிக்கும்போது அக்குறியை நீக்கிவிடலாமே எனத் தோன்றும். ஆனால் மேற்கோளுக்காக எழுதியவரே இட்ட கோணக்குறியும் அதே இடத்தில் வரக்கூடும். இரண்டையும் பிரித்தறியச் சான்றில்லை. 1995இல் ராகுல் தேசி முன்வைத்த வழி எளியது: ஏற்கெனவே கோணக்குறியுடன் அச்சொல் வரும் வரிகளுக்கும் இன்னொரு குறியைச் சேர்ப்பது, படிக்கையில் ஒன்றை மட்டும் நீக்குவது. மூலபாடம் சிதையாமல் மீளும். ஆயினும் எந்தக் கோப்பு எந்த மரபைச் சேர்ந்தது என்று கோப்பே சொல்வதில்லை.

(தமிழ் எழுத்தில் தொடங்கும் வரிக்கு இத்தொல்லை நேர்வதில்லை. நம் மொழி இங்கே தற்செயலாகத் தப்பியது!)

இது வெறும் அழகுக் குறையன்று. மின்கையொப்பமிட்ட மடலில் ஒரு குறி கூடினாலும் கையொப்பம் பொய்யாகிவிடும். அதனால்தான் ஓபன்பிஜிபி மடல்களுக்கான 2001ஆம் ஆண்டின் இணைய நெறிமுறை, வரித் தொடக்கத்தில் வரும் அச்சொல்லின் ஓரெழுத்தையேனும் குறிமுறையாக மாற்றி அனுப்புமாறு பரிந்துரைத்தது. கடிதம் தன் சேமிப்பறைக்கு அஞ்சி மாறுவேடம் பூண்டது என்றே சொல்லத் தோன்றுகிறது.

ஒரே கோப்பு என்பதால் வந்த இன்னல்கள் வேறும் உண்டு. இரு நிரல்கள் ஒரே வேளையில் எழுதினால் மடல்கள் கலந்துபோகும்; பூட்டுப் போட்டாக வேண்டும். நடுவிலுள்ள ஒரு மடலை நீக்க, அதற்குப் பின்னுள்ளவற்றை எல்லாம் திரும்ப எழுத வேண்டும். பாதியில் மின்சாரம் நின்றால் இழப்பு.

மடலுக்கொரு கோப்பு என்ற எண்ணம் 1979இல் ராண்ட் நிறுவனத்தில் புரூஸ் போர்டன் எழுதிய எம்.எச். மென்பொருளிலேயே இருந்தது. தொண்ணூறுகளில் டேனியல் பெர்ன்ஸ்டைன், தம் கியூமெயிலுக்காக 'மெயில்டிர்' வடிவை வகுத்தார். தற்காலிகம், புதியது, நடப்பு என மூன்று அடைவுகள். மடல் முதலாவதில் முழுமையாக எழுதப்பட்ட பின்னரே இரண்டாவதில் தோன்றும். எனவே அரைகுறை மடல் எவர் கண்ணிலும் படாது. நேரம், செயலெண், கணினிப் பெயர் ஆகியவற்றால் அமைந்த கோப்புப் பெயர் மற்றொன்றோடு மோதாது; ஆகவே பூட்டும் வேண்டியதில்லை. படித்தது, பதிலளித்தது என்ற குறிப்புகளும் கோப்புப் பெயரின் இறுதியில் எழுத்துகளாக அமரும். கடிதத்தின் உடலை எவரும் தீண்டுவதில்லை. என் பார்வையில் இதுவே நேர்மையான பதிப்பு. விலை என்னவெனில், பல்லாயிரம் சிறு கோப்புகளைப் பேணும் சுமை.

எனினும் பழையது ஒழியவில்லை. 2005இல் எம்பாக்ஸ், அதிகாரபூர்வ வரையறை ஒன்றில்லை என்ற ஒப்புதலோடேயே இணைய ஊடக வகையாகப் பதிவானது. தண்டர்பேர்ட் இன்றும் இயல்பாக அதில்தான் சேமிக்கிறது. ஜிமெயிலிலிருந்து நம் மடல்களை மொத்தமாகத் தரவிறக்கினாலும் கைக்கு வருவது அதே பெயருடைய கோப்புதான்.