கடைவீட்டுக்குள் ஒரு சிற்பி

மலேசிய ஓவியம் பற்றித் தமிழில் பேச்சு எடுத்தால் இரண்டு நிமிடத்தில் முடிந்துவிடும். “அதெல்லாம் மலாய்க்காரங்களும் சீனவங்களும் பார்க்கிற வேலைப்பா” என்று யாராவது சொல்வார்கள். அதற்குமேல் பேச ஒன்றும் இருக்காது. இலக்கியம் படிக்கிற நண்பர்களிடமும் இதே பதில்தான். சிங்கையில் நடக்கும் கவிதை வாசிப்புக்குப் பேருந்து ஏறிப் போகிறவர்கள், அம்பாங்கில் ஒரு கண்காட்சிக்கு வர யோசிக்கிறார்கள். நான் எழுதப்போகும் மனிதர் தமிழரல்ல. ஆனால் அவர் செய்த வேலை நமக்கு நன்றாகப் பழகிய வேலை. நம் மொழியில் அதற்குச் சிறுபத்திரிகை நடத்துவது என்று பெயர்.

பாயு உத்தோமோ ராஜிகின் 1969இல் சபா மாநிலத்தின் தாவாவில் பிறந்தவர். படித்தது ஷா ஆலாமில், ஐ.டி.எம். கலைப்பள்ளியில். கிள்ளானிலிருந்து ஃபெடரல் நெடுஞ்சாலை வழியாகத் தலைநகருக்குப் போகிறவர்கள் தினமும் கடந்து போகிற ஊர்தான் அது. 1967இல் தொடங்கிய அந்தப் பள்ளியிலிருந்துதான் நாட்டின் நவீனக் கலைஞர்களில் பெரும்பகுதியினர் வந்தார்கள். படிப்பை முடித்த 1991ஆம் ஆண்டிலேயே பாயு ‘பூஜாங் பெரானி’யைச் செய்துவிட்டார். துணிந்த வாலிபன் என்று பொருள். உலோகத் துண்டுகளால் உடல் கொண்ட போர்னியோ வீரன் ஒருவன், வாயைப் பிளந்து அலறுகிறான். சுற்றுலா விளம்பரத்தில் இறகு சூடிச் சிரிக்கும் வீரனை மட்டுமே பார்த்திருந்த தீபகற்பத்துக்காரர்களுக்கு அந்த அலறல் புதிது. இன்று அது தேசியச் சேகரிப்பில் இருக்கிறது. இருபத்திரண்டு வயதுப் பையன் செய்தது என்று சொன்னால் நம்ப முடியாது.

1994இல் தேசிய ஓவியக்கூடத்தில் மூவர் சேர்ந்து ஒரு கண்காட்சி வைத்தார்கள். அப்போது ஓவியக்கூடம் கோலாலம்பூர் ரயில் நிலையத்துக்கு எதிரே, பழைய மெஜஸ்டிக் ஹோட்டலில் இருந்தது. பாயுவின் ‘வார்பாக்ஸ்’, வோங் ஹோய் சியோங்கின் ‘லாலாங்’, ராஜா ஷாரிமானின் ‘கில்லிங் டூல்ஸ்’. மூன்று பெயர்களையும் சேர்த்ததுதான் கண்காட்சியின் தலைப்பு. 1987இல் ஓப்பராசி லாலாங்கில் நூற்றுக்கும் மேற்பட்டவர்களை விசாரணையின்றிப் பிடித்து அடைத்ததை வோங் கையில் எடுத்தார். லாலாங் புல்லை நட்டு, மருந்தடித்து, வெட்டி, எரித்தார். தோட்டத்தில் முதுகில் தொட்டி சுமந்து மருந்தடித்த பாட்டிகளின் பேரப்பிள்ளைகளுக்கு இந்தப் படிமத்தை யாரும் விளக்கவேண்டியதில்லை. ஆனாலும் நம் கதைகளில் லாலாங் வந்த அளவுக்கு இந்தக் கலைப்படைப்பு நம் பேச்சில் வரவில்லை.

பாயு தனியாக வளரவில்லை. 1989இல், மாணவர்களாக இருந்தபோதே, ஐந்து பேர் ‘மாத்தாஹாத்தி’ என்ற குழுவைத் தொடங்கினார்கள். மாத்தா கண், ஹாத்தி உள்ளம். அகக்கண் என்று சொல்லலாம். பாயு, அஹ்மாட் ஃபுவாட் ஒஸ்மான், அஹ்மாட் ஷுக்ரி முகமட், ஹமிர் சோயிப், மஸ்னூர் ரம்லி மஹ்முட். ஐவருக்கும் பொதுவான பாணி கிடையாது, கொள்கை அறிக்கையும் கிடையாது. படிப்பு முடிந்த பிறகு எங்கே வேலை செய்வது, எங்கே காட்டுவது என்ற சங்கடம் மட்டும் பொதுவாக இருந்தது. நாடக மேடை, சினிமா கலை இயக்கம் என்று கிடைத்ததைச் செய்தார்கள். 1997இல் ரிங்கிட் விழுந்தது. வங்கிக்காரர்களே வேலை இழந்த நேரத்தில் ஓவியம் வாங்க யார் வருவார்கள்?

பத்தாண்டு கழித்து, 2007இல், அம்பாங்கின் தாமான் செம்பாக்காவில் ஒரு கடைவீட்டில் ‘ஹவுஸ் ஆஃப் மாத்தாஹாத்தி’ திறந்தது. பின்னாளில் அது ‘ஹோம் ஆர்ட் டிரான்ஸ்’ ஆனது. தொடக்கத்தில் குழுவின் பெயரில் இருந்தாலும், போகப்போக அதன் பாரம் பாயுவின் தோளுக்கு வந்து சேர்ந்தது. குழுக்கள் எப்போதும் இப்படித்தான். ஐந்து பேர் சேர்ந்து தொடங்குவார்கள், வாடகை கட்டும் தேதி ஒருவருக்குத்தான் நினைவிருக்கும்.

பிரிக்பீல்ட்ஸிலிருந்து அங்கே போவது கஷ்டமில்லை. கே.எல். சென்ட்ரலில் எல்.ஆர்.டி. ஏறி, மஸ்ஜிட் ஜாமெக்கில் மாறினால் செம்பாக்கா நிலையம். ஆனால் பிரிக்பீல்ட்ஸிலேயே, கந்தசாமி கோயில் இருக்கும் அதே ஸ்காட் சாலையில், வெய்-லிங் கேலரி இருக்கிறது. நகை வடிவமைப்பாளரான லிம் வெய்-லிங் நடத்துவது. தீயில் சேதமான பழைய கடைவீட்டை அவருடைய தந்தை, கட்டடக் கலைஞர் ஜிம்மி லிம், சீர்செய்து கொடுத்தார். யாழ்ப்பாணத் தமிழ் வழிவந்த அனுரேந்திரா ஜெகதேவா தம் ஓவியங்களை அங்கே வைத்திருக்கிறார். பத்திரிகையில் எழுதி, கேலரி பெட்ரோனாஸில் கண்காட்சி அமைப்பாளராகவும் வேலை பார்த்தவர் அவர். பால்குடம் எடுத்துக் கோயிலுக்குப் போகும் எத்தனை பேர் அந்தக் கதவைத் தள்ளிப் பார்த்திருப்பார்கள்? நுழைவுக் கட்டணம்கூட இல்லாத கதவு அது.

வெய்-லிங் போன்ற ஒரு கேலரி ஓவியரைத் தேர்ந்தெடுக்கும், விற்கும், விலையில் பங்கு எடுத்துக்கொள்ளும். இதில் தப்பு ஒன்றுமில்லை, தொழில் அப்படி. கலைஞனே நடத்தும் இடம் தொடங்குவது வேறு இடத்திலிருந்து. நேற்றுப் பட்டம் வாங்கிய பையனுக்குத் தேவைப்படுவது வாங்குபவர் அல்ல. வேலை செய்ய ஓர் அறையும் ஒரு வருடமும்தான். ஹோமின் தங்கிப் பணிபுரியும் திட்டம் அதைத்தான் கொடுத்தது: இடம், உதவித்தொகை, பக்கத்திலேயே வேலை செய்கிற மூத்த கலைஞர்களின் கண். முடிவில் கண்காட்சி. இந்தோனேசியாவுக்கும் பிலிப்பீன்ஸுக்கும் ஆட்களை அனுப்பினார்கள், அங்கிருந்து வரவழைத்தார்கள். 2009இல் கேலரி சந்தானுடன் சேர்ந்து இளம் கலைஞர்களுக்கான விருது ஒன்றையும் கொண்டுவந்தார்கள். இன்று ஏலத்தில் விலைபோகிற பல பெயர்களின் வாழ்க்கைக் குறிப்பில் ஹோம் ஒரு வரியாக நிற்கிறது.

சி.சு. செல்லப்பா நினைவுக்கு வராமல் இருக்க முடியுமா? 1959இல் ‘எழுத்து’ தொடங்கி, புத்தகங்களைப் பையில் போட்டுக்கொண்டு கல்லூரி கல்லூரியாகப் போய் விற்றவர். தன் கதைகளுக்கு இடம் தேடியதோடு நிற்காமல், தன்னைவிட இளையவர்களின் புதுக்கவிதைக்கு இடம் கொடுத்தார். ஓவியத்திலேயே சொல்வதென்றால், 1966இல் சென்னைக்கு வெளியே கே.சி.எஸ். பணிக்கர் அமைத்த சோழமண்டலம். பத்திக் துணி போன்ற கைவினைப் பொருட்களை விற்ற காசில் ஓவியர்கள் நிலம் வாங்கிக் குடியேறினார்கள். பத்திக் நம் வட்டாரத்துப் பெயர் என்பதால் எனக்கு அந்தக் கதையில் கூடுதல் பாசம். சோழமண்டலத்தில் கலைஞர்கள் நிலத்துக்குச் சொந்தக்காரர்கள் ஆனார்கள். அம்பாங்கின் கடைவீட்டுக்காரர்களை அப்படிச் சொல்ல முடியாது.

இதற்கு மறுபக்கமும் உண்டு. கலைஞன் கேலரி நடத்தும்போது யாரை உள்ளே விடுவது என்ற அதிகாரம் அவன் கைக்கு வருகிறது. சிறுபத்திரிகை ஆசிரியருக்கு வருவதும் அதேதான்; அதனால் வந்த சண்டைகள் நமக்குத் தெரியும். மூத்தவர் கண்ணுக்குப் பிடித்த மாதிரி வரைய இளையவருக்கு ஆசை வரும். ஐ.டி.எம். வழி வந்தவர்களுக்கே சுவர் எளிதாகக் கிடைத்ததா என்பது கேட்கவேண்டிய கேள்வி. இன்னொரு கேள்வி பாயுவைப் பற்றியே. பூஜாங் பெரானிக்கு இணையான சிற்பத்தை அவர் பிறகு செய்யவில்லை என்றுதான் நான் நினைக்கிறேன். பின்னால் வந்த பெரிய உருவ ஓவியங்கள் திறமையானவை. ஆனால் அந்த அலறல் அவற்றில் இல்லை. மின்கட்டணம், அழைப்பிதழ், லோரி, சுவரில் ஆணி என்று போன நேரத்தை யார் கணக்கு வைத்தார்கள்? கேலரி இல்லாவிட்டால் இன்னொரு பூஜாங் பெரானி வந்திருக்கும் என்று உறுதியாகச் சொல்லவும் என்னால் முடியாது. இருபத்திரண்டு வயதில் ஒருமுறை வருவது மறுபடி வந்துதான் ஆகவேண்டும் என்று சட்டம் இல்லை.

சொந்தமாக ஓர் அறை இருப்பது ஏன் முக்கியம் என்பதை மாத்தாஹாத்தியின் இன்னொருவர் கதை காட்டியது. 2020 பிப்ரவரியில், தேசிய ஓவியக்கூடத்தில் அஹ்மாட் ஃபுவாட் ஒஸ்மானின் முப்பதாண்டுப் பணிகளைத் திரட்டிய கண்காட்சி நடந்துகொண்டிருந்தது. மாதக்கணக்கில் பார்வைக்கு இருந்த படைப்புகளில் நான்கை நிர்வாகம் எடுத்தது. கலை உலகமே சத்தம் போட்டது. தேசியக்கூடத்தின் வேலையைக் கடைவீடு செய்ய முடியாது, அவ்வளவு பெரிய சுவரும் கூட்டமும் அங்கே கிடையாது. ஆனால் எதை மாட்டுவது, எதை இறக்குவது என்று முடிவெடுப்பவர் அங்கே ஒரு கலைஞர்.

ஹோமின் வேலைகளில் எனக்கு அதிகம் பிடித்தது கண்காட்சிகள்கூட இல்லை. ‘மார்ஸ்’ என்ற பெயரில் அவர்கள் தொடங்கிய ஆவணக் காப்பகம். மலேசியக் கலை பற்றிய கண்காட்சிக் கையேடுகள், அழைப்பிதழ்கள், நாளிதழ் துணுக்குகள், குறிப்புகள். ஒரு கண்காட்சி முடிந்த மறுவாரம் குப்பைக்குப் போகிற காகிதங்கள். பினாங்கில் பிறந்த நிர்மலா தத் சண்முகலிங்கம் 1973இலேயே நகரத்தின் குப்பையையும் செய்தித்தாள் நறுக்குகளையும் வைத்து ‘ஸ்டேட்மெண்ட் 1’ என்ற படைப்பைச் செய்தவர். 2016இல் காலமானார். அவரைப் பற்றித் தமிழில் எழுத உட்கார்கிற இளைஞர் யாராக இருந்தாலும், இப்படி யாரோ எடுத்துவைத்த காகிதங்களிலிருந்துதான் தொடங்கவேண்டியிருக்கும்.