ஹீட்டர் ஹோஸ் இணைப்பு

கார் எஞ்சினில் சூடேறிய கூலன்ட் திரவத்தை, பயணியர் அறைக்கு வெப்பம் தரும் ஹீட்டர் கோர் எனப்படும் சிறு ரேடியேட்டருக்குக் கொண்டுசென்று, அங்கிருந்து வாட்டர் பம்புக்குத் திருப்பும் இரு ரப்பர் குழாய்களின் அமைப்பு இது. 1955இல் அறிமுகமான செவ்ரோலெட் ஸ்மால் பிளாக் வி8 எஞ்சினில், வழக்கமாக, இன்டேக் மேனிஃபோல்டிலிருந்து 5/8 அங்குல ஹோஸ் புறப்பட, 3/4 அங்குல ஹோஸ் பம்பின் உறிஞ்சும் பக்கத்தில் வந்து சேர்கிறது. முதன்மை ரேடியேட்டருக்கான வழியைத் திறந்து மூடும் தெர்மோஸ்டாட் மூடியிருக்கும்போதும் இச்சுற்று ஓடுவதால், அந்த ரேடியேட்டருக்கு முன்பே ஹீட்டருக்கு வெப்பம் கிடைத்துவிடுகிறது. ஒட்டிப்போன பழைய ஹோஸை, எஞ்சின் நன்கு ஆறிய பின், முறுக்கி இழுக்காமல் நீளவாக்கில் கீறி உரிப்பதே மேல்; ஏனெனில் ஹீட்டர் கோரின் மெல்லிய குழாய்முனை எளிதில் நசுங்கிவிடும். புதிய ஹோஸை மாட்டும்போது கிளாம்பைக் குழாய்முனையின் புடைத்த விளிம்புக்கு உட்புறமாக இறுக்க வேண்டும். சுற்றில் தங்கிய காற்றை வெளியேற்றாவிடில் ஹீட்டரிலிருந்து குளிர்காற்றே வரும்.