வளவுக்கு ஒரு பாலை மரம்

தம்பலகாமத்தில் மீள்குடியேறிய சிலர், வீடு கட்டி முடிந்ததும் முற்றத்தில் எப்போதும் பச்சையாக நிற்கும் ஒற்றை மரம் ஒன்றைத் தேடுகிறார்கள். வெளிநாட்டு உறவுகள் சொல்லும் பெயர் ‘சீடர்’. ரொறன்ரோவில் வேலியாக நிற்கும் சீடர் உண்மையில் துயா என்ற வேறு இனம். அசல் சீடரான தேவதாரு இமயமலைக் குளிருக்குப் பழகியது. எங்கள் கச்சான் காற்றில் அதை நட்டுக் காசைக் கரைக்க வேண்டாம்.

நான் சொல்வது பாலை. தமிழ்நாட்டில் உலக்கைப்பாலை, சிங்களத்தில் பலு. இலுப்பைக்கும் சப்போட்டாவுக்கும் சொந்தம். வெட்பாலையும் ஏழிலைப்பாலையும் வேறு மரங்கள் என்பதால் நாற்று வாங்கும்போது பெயரை மட்டும் நம்பாதீர்கள். இதன் இலை தடித்து, கரும்பச்சையாக மினுங்கும்; நுனி சற்று உள்வாங்கியிருக்கும். வறட்சியிலும் இலை கொட்டி மொட்டையாகாது. வைரம் தண்ணீரில் தாழும் கனம். மஞ்சள் பழம் தேனாய் இனிக்கும், பால் உதட்டில் ஒட்டும். காட்டில் அதற்குக் கரடியோடு போட்டி.

வேலியும் சுவரும் அழிந்த காணிகளுக்குத் திரும்பியவர்கள் பல இடங்களில் கிணற்றையும் பெருமரத்தையும் வைத்தே எல்லை சொன்னார்கள். ஆகவே மரத்தைத் தெரிவு செய்யும்போது அழகை மட்டும் பார்க்க முடியாது. சவுக்கு சீக்கிரம் உயரும், ஆனால் பெருங்காற்றுக்குப் பயம். பாலை மெல்ல வளரும், நீண்டகாலம் நிற்கும். பொறுமை இல்லாதவர்கள் வேம்பை நடலாம்.

பழம் தின்ற கையோடு விதையைக் கழுவிப் போடுங்கள். பழைய விதை சரிவர முளைக்காது. நாற்றை ஒக்டோபர் மழை தொடங்கியதும், 2 அடிக் கிடங்கில் மக்கிய எரு கலந்து நடவேண்டும். முதல் 2 கோடைக்கும் தண்ணீர் ஊற்றி, அடியில் சருகு போடுங்கள். ஆடு மாடு கடிக்காமல் முள் அடைப்பது கட்டாயம். தண்ணீர் தேங்கும் வயற்கரைக்கு இது சரிவராது. அங்கே மருது நல்லது, ஆனால் கோடையில் அது ஓரளவு இலை கொட்டும்.

வீட்டுச் சுவரிலிருந்து 25 அடியாவது தள்ளி, மின்கம்பிக்குக் கீழே வராமல் இடம் பாருங்கள். காணி எல்லையில் நடுவதானால் பக்கத்து வளவுக்காரரோடு முதலில் கதைத்துவிடுங்கள். கொப்பு அந்தப் பக்கமும் படரும்.